வந்ததை எழுது

அத்தியாயம் 14

ஐந்தரைக்கு பிராங்க்ளின் எழுந்தான். மோட்டார் போட்டான். தொட்டி நிரம்பப் பதினொரு நிமிடம் ஆகும். அதற்குள் பல் தேய்த்து, கேட்டில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து அடுப்பில் வைத்தான். மோட்டாரை நிறுத்தினான். ஒரு சட்டையை இஸ்திரி போட்டான். மாமனாரின் பிரஷர் மாத்திரையை அவர் டம்ளருக்குப் பக்கத்தில் எடுத்து வைத்தான். ஆறே முக்காலுக்கு மாமியார் கோயிலில் பூசை முடிந்து வந்தார். இட்லி ஊற்றினார். ஏழு மணிக்கு மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஏழு பத்து வரை யாரும் பேசவில்லை. அது தாண்டிய பிறகுதான் அந்த வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். பத்து மாதமாக அப்படித்தான்.

அவன் மனைவி ஜென்சி சமையலறையில் விழுந்தபோது மணி ஏழு பத்து. ஜனவரி ஒன்பதாம் தேதி. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்தொரு வயது. சவரிநாதனுக்கும் இருதயமேரிக்கும் ஒரே பெண்.

அதற்குப் பிறகும் பிராங்க்ளின் அந்த கே.கே. நகர் வீட்டை விட்டுப் போகவில்லை. "இன்னும் மாமியார் வீட்டுல என்னடா வேலை?" என்று ஜீயபுரத்திலிருந்து அவன் அண்ணன் மாதம் ஒரு தடவை போனில் கேட்பதும், "தொட்டி நிரம்பிடுச்சு, அப்புறம் பேசறேன்" என்று இவன் வைத்துவிடுவதும், தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரிந்த கதை.

போன வாரம் இருதயமேரி ஒரு தாளை நீட்டினார் அல்லவா? கல்லறைக் கல்லில் வெட்டவேண்டிய எழுத்துகள். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அதற்குள் கல் நிற்கவேண்டும். முப்பத்திரண்டு வருடம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த கையெழுத்து, கோடு போடாத தாளிலும் கோணாமல் நின்றது. பெயர். பிறந்த தேதி. இறந்த தேதி. அதற்குக் கீழே ஒரு வரி:

'சேசு மரி சூசை என்று சொல்லியபடி கண் மூடினாள்.'

கல் வெட்டுகிறவர் பார்த்து எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்த அந்தத் தாள்தான் ஒரு வாரமாக பிராங்க்ளினின் சட்டைப்பையில் கிடக்கிறது. ஜென்சி அப்படிச் சொல்லவில்லை.

அன்று மருத்துவமனை வராந்தாவில் இருதயமேரி அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டார். பங்குச் சாமியார் சாகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயோடு வந்து சேர்ந்தபோது உயிர் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. "பூசுதலும் இல்லாம போயிட்டாளே தம்பி. கடைசியா ஏதாச்சும் சொன்னாளா?" அந்த மூன்று பெயர்களையும் தினம் படுக்கும்போது சொல்லவேண்டும், அப்போதுதான் கடைசி நேரத்தில் தானாக வாயில் வரும், நல்ல மரணம் கிடைக்கும் என்று மகளுக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கியவர் அவர். அது பிராங்க்ளினுக்குத் தெரியும்.

"சேசு மரி சூசைன்னு சொன்னா அத்தை" என்றான்.

அவ்வளவுதான். ஒரு வாக்கியம். அது இன்று மாலை கருங்கல்லில் ஏறப்போகிறது.

"ஸ்ரீரங்கம் எத்தனை மணிக்குப் போறீங்க?" என்று கேட்டார் இருதயமேரி. மணி ஏழு பன்னிரண்டு.

"நாலரைக்கு அத்தை. காலேஜ்லேருந்து வந்து மாமாவைக் கூட்டிட்டுப் போறேன்."

"எழுத்துப்பிழை பார்க்க நான் வேணும்ல" என்றார் சவரிநாதன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நீங்க சவரிநாதன்னு கையெழுத்துப் போடும்போதே ஒரு எழுத்து விடுவீங்க" என்றார் இருதயமேரி.

கேட்டுக்கு வெளியே பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றார்.

"டீச்சர்! கல்லு ஆயிடுச்சா?"

"இன்னைக்கு வெட்டிடுவாங்க."

"சூசையப்பர் படம் சின்னதா ஒண்ணு போடச் சொல்லுங்க டீச்சர். அந்த பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? எங்க வீட்டுக்காரர் கடைசியா கேட்டது ஒரு பீடி. அதையா கல்லுல போடறது?"

இருதயமேரி சிரித்துவிட்டார். அவர் சிரித்து பிராங்க்ளின் பார்ப்பது அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை. ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

*

கல்லூரியில் அவனுடைய வேலை உலோகத்தை உருக்குவது, தேய்ப்பது, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. கையில் பிடிக்க முடிகிற பொருள்தான் அவனுக்குப் பொருள். ஜென்சி அதே துறையில் வேறு அறையில் இருந்தாள். அவள் ஒரு பொருளையும் தொட்டதில்லை. அணுக்கள் முதலில் எங்கெங்கே இருக்கின்றன என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லுவாள். ஒன்றை ஒன்று எவ்வளவு இழுக்கும், எவ்வளவு தள்ளும் என்று விதியைக் கொடுப்பாள். அதற்குப் பிறகு அது பாட்டுக்கு இரவெல்லாம் ஓடும். அதற்குப் பெயர் ரன். "ரன் போட்டிருக்கேன்" என்றால் அன்று அவளுக்குத் தூக்கம் நன்றாக வரும்.

மூன்றாம் வருடத்துக்கு அவள் ஆரம்பித்த பாடம் அது. அணுநிலை மாதிரியாக்கம், அறிமுகம். அவள் போன பிறகு எடுக்க ஆளில்லை என்று நிறுத்தப் பார்த்தார்கள். ஜூலையில் பிராங்க்ளின் கையைத் தூக்கினான். ஏன் தூக்கினான் என்று அவனுக்கே தெரியாது. அவளுடைய குறிப்புகளை முதல் நாள் படித்துவிட்டு மறுநாள் நடத்துகிறான். மாணவர்களைவிட ஒரு நாள் முன்னால் இருக்கிறான், அவ்வளவே.

பயிற்சித்தாள்களும் அவள் தயாரித்தவைதான். எல்லாம் ஆங்கிலம். ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் ஒரு வரி மட்டும் கையால் எழுதிய தமிழ்: 'வந்ததை எழுது. வரவேண்டியதை நான் எழுதிக்கொள்கிறேன்.'

இன்று நான்காவது பயிற்சி. இருநூற்று ஐம்பத்தாறு அணுக்கள் உள்ள ஒரு செம்புத் துண்டு. அதில் ஒரு அணுவை எடுத்துவிட வேண்டும். சுற்றி இருப்பவை கொஞ்சம் நகர்ந்து தங்களுக்குள் சரிசெய்துகொள்ளும். அந்தக் காலியிடம் உண்டாக எவ்வளவு ஆற்றல் செலவாயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"சார், எனக்கு ஜீரோ" என்றான் கலையரசன்.

"அணுவை எடுத்தியா?"

"எடுத்தேன் சார். சத்தியமா எடுத்தேன்."

"எடுத்துட்டு ஃபைலை சேவ் பண்ணினியா?"

கலையரசன் ஸ்கிரீனைப் பார்த்தான். பின்வரிசையில் சிரிப்பு.

"ஒரே துண்டை ரெண்டு தடவை எடை போட்டிருக்கே. வித்தியாசம் ஜீரோதான் வரும். அதையே எழுது."

"மார்க் கிடைக்குமா சார்?"

"எழுதினதுக்குக் கிடைக்கும். சேவ் பண்ணாததுக்குப் போகும்."

ஆஃப்ரினின் அறிக்கை சுத்தமாக இருந்தது. விடை 1.27 எலக்ட்ரான் வோல்ட். புத்தகத்தில் இருப்பதும் அதுவேதான். பிராங்க்ளின் டிக் போடப் போனான். அறிக்கையைப் படித்தால் போதாது, கம்ப்யூட்டர் கக்கிய ஃபைலையும் திறந்து பார் என்று ஜென்சி குறிப்பில் எழுதியிருந்தாள். திறந்தான். அதில் 4.81.

வகுப்பு முடிந்ததும் ஆஃப்ரினை நிற்கச் சொன்னான்.

"ரிப்போர்ட்ல 1.27. ஃபைல்ல 4.81."

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். திறந்தாள். "மூணு தடவை ஓட்டிப் பார்த்தேன் சார். மூணு தடவையும் 4.81தான்."

"அப்புறம் ஏன் எழுதல?"

"புக்ல 1.27ன்னு இருக்கே சார்."

"புக்கைப் பார்த்து எழுதணும்னா கம்ப்யூட்டர் எதுக்கு?"

"அதுக்கில்ல சார்." அவள் குரல் இறங்கியது. "இது மேடம் போட்ட ஷீட். தப்பா வருதுன்னு உங்ககிட்ட வந்து நின்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். சரியா வந்துருக்குன்னா நிம்மதியா இருப்பீங்கன்னு நினைச்சேன்."

பிராங்க்ளின் மேசையில் இருந்த பேனாவின் மூடியைத் தேடினான். அது பேனாவிலேயே இருந்தது.

"உட்காரு" என்றான். "256 அணு இருந்த துண்டையும் 255 இருக்கிற துண்டையும் அப்படியே கழிச்சிருக்கே. எடுத்த அணு சும்மா மறைஞ்சு போகாது. அதுவும் செம்புக்குள்ள எங்கயோ ஒரு மூலையில போய் உட்கார்ந்திருக்குன்னு வச்சுக்கணும். அதோட பங்கு உன் கணக்குல மிச்சம் நிக்குது. ஒரு அணுவுக்கு எவ்வளவு?"

"3.54 சார்."

"4.81லேருந்து அதைக் கழி."

ஆஃப்ரின் போனை எடுக்காமல் மனதிலேயே கழித்தாள். கண் பெரிதாகியது. "1.27 சார்!"

"ம்."

"அப்போ என் 4.81 பொய்யில்லையா?"

"தப்பு. பொய் இல்ல. அதை வச்சு எங்க சறுக்கினேன்னு தேடிக் கண்டுபிடிக்கலாம். நீ எழுதி வச்ச 1.27ஐ வச்சு எதையும் கண்டுபிடிக்க முடியாது."

"மாத்தி எழுதிட்டு வரேன் சார்."

"மாத்தாத. 4.81ஐ எழுது. அதுக்குக் கீழ ஏன் வந்துச்சுன்னு எழுது."

அவள் போன பிறகு அவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். தாள் இருந்தது.

வாசலில் நஸ்ருல்லா நின்றார். துறையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். எதையும் சுற்றி வளைக்காமல் சொல்லத் தெரியாதவர், இன்று கூடுதலாகச் சுற்றினார். மழை, டிஸ்க் விலை, புதுப் பையன்களின் பாஸ்வேர்ட் என்று போய்க் கடைசியில் வந்தார்.

"சார், டிஸ்க் ஃபுல்லா இருக்கு. யாரும் தொடாத அக்கவுண்ட்டை எல்லாம் வெள்ளிக்கிழமை காலி பண்றோம். அதுல மேடம் அக்கவுண்ட்டும் வருது."

"சரி."

"ஒரு ரன் முடிஞ்சு கிடக்கு சார். ஜனவரி ஒன்பது, விடியக்காலை நாலு மணிக்கு முடிஞ்சிருக்கு. யாரும் திறக்கல." அவர் செருப்பைப் பார்த்தார். "நானும் திறக்கல."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கட்டும் நஸ்ருல்லா பாய்."

*

காவிரியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பாலத்தில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து சவரிநாதன் லாரி நம்பர்களைச் சத்தமாகக் கூட்டிக்கொண்டே வந்தார். ஒர்க்‌ஷாப் பழக்கம். கூட்டுத்தொகை ஒன்பது வந்தால் நல்லது என்பார்.

மருதையின் பட்டறை ஸ்ரீரங்கத்தில் ஒரு சந்துக்குள். கோயிலுக்கு உபயம் கொடுத்தவர்களின் பெயர்ப்பலகை, புது வீட்டுக் கல், கடைக்கால் கல் எல்லாம் சுவரில் சாய்ந்து நின்றன. நெற்றி நிறைய விபூதியோடு மருதை ஒரு சிலுவைக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், வாங்கய்யா. பேரு, தேதி வெட்டியாச்சு. கீழ் வரி மட்டும் வெள்ளைப் பென்சில்ல எழுதி வச்சிருக்கேன். பார்த்து ஓகே சொன்னா உளியை வச்சுருவேன்."

கருங்கல்லில் ஜென்சியின் பெயர் புதிதாக, கூர்மையாக இருந்தது. வெட்டின இடத்தில் சாம்பல் நிறம். கீழே அந்த வரி, பென்சிலில்.

"அய்யா, தப்பா நினைக்காதீங்க" என்றார் மருதை. "சேசு தெரியும். மரி, மாதா. சூசை யாருங்க?"

"மாதாவோட வீட்டுக்காரர்" என்றார் சவரிநாதன். "அவரைக் கூப்பிட்டுக்கிட்டே போனா நல்ல சாவும்பாங்க."

"ரொம்ப சரி. எழுத்து சரியா பாருங்க. பென்சில்னா துடைச்சுரலாம். வெட்டிட்டா அப்புறம் கல்லையே மாத்தணும்."

சவரிநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். "சரியாத்தான் இருக்கு. வெட்டுங்க."

"வேண்டாம்" என்றான் பிராங்க்ளின்.

மருதை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். டீ சொல்லிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார். வீட்டு விஷயம் பேச வருகிறவர்கள் கல்லுக்கு முன்னால் நின்றுதான் பேசுவார்கள் என்பது அவருக்குப் பழகியிருக்க வேண்டும்.

"மாமா, அது..." என்று ஆரம்பித்தான் பிராங்க்ளின்.

"தெரியும் மாப்பிள."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு மேரி பூசையிலேருந்து இன்னும் வரல. நான் கொல்லையில ஷேவ் பண்ணிட்டிருந்தேன். சமையக்கட்டு ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு. அவ சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

சந்தில் ஒரு ஆட்டோ போயிற்று. பிராங்க்ளின் அது போகும் வரை காத்திருந்தான்.

"பத்து மாசமா ஒரு வார்த்தை கேக்கலையே மாமா."

"எதுக்குக் கேக்கணும்? நீங்க அதைச் சொன்ன பிறகுதான் மேரி ஒரு வாய் தண்ணி குடிச்சா." சவரிநாதன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "வெட்டட்டும் விடுங்க. கல்லறையில போய் யாரு விசாரிக்கப்போறா? மேரிக்கு நிம்மதி. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

மாமனார் கேட்டது நியாயமான கேள்வி.

"ஜென்சி அதைச் சொல்லல மாமா" என்றான் பிராங்க்ளின். "அவ பேருக்குக் கீழ அது இருக்கக்கூடாது."

"மேரிகிட்ட யாரு சொல்றது?"

"நான்தான்."

"கூட நிக்கறேன்" என்றார் சவரிநாதன். கொஞ்சம் கழித்து, "கொஞ்சம் தள்ளி நிக்கறேன்" என்றார்.

மருதை டீயோடு வந்தார். பிராங்க்ளின் சொன்னதும் ஈரத்துணியை எடுத்து அந்த வரியைத் துடைத்தார். மூன்று இழுப்பில் போய்விட்டது. "சனிக்கிழமை வரைக்கும் கீழ இடம் விட்டு வைக்கறேன் சார். அதுக்கு மேல வண்டி ஏத்தியாகணும்."

*

ஆறே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தார்கள். அக்டோபர், ஜெபமாலை மாதம். மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. இருதயமேரி ஜெபமாலையை மடித்துச் சின்ன டப்பாவில் வைத்தார்.

"வெட்டிட்டாங்களா?"

"பேரும் தேதியும் வெட்டியாச்சு அத்தை. கீழ் வரியை நான் வேண்டாம்னுட்டேன்."

"ஏன் தம்பி? இடம் பத்தலையா?"

"இடம் இருக்கு." அவன் நின்றுகொண்டேதான் சொன்னான். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தோன்றியது. "ஜென்சி அதைச் சொல்லல அத்தை. நீங்க கேட்டப்ப நான் பொய் சொல்லிட்டேன்."

இருதயமேரி டப்பாவின் மூடியை அழுத்தினார். அது சரியாகப் பதியவில்லை. திரும்ப அழுத்தினார்.

"சேசுன்னுகூடச் சொல்லலையா?"

"இல்ல."

"பங்குல எல்லார்கிட்டயும் சொன்னேனே. வியாகுலம் வந்து என் கையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா."

"தெரியும் அத்தை."

"நீங்க ஏன் தம்பி அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க நிம்மதியா இருப்பீங்கன்னு."

சொன்ன பிறகுதான் காலையில் அதை வேறு ஒருத்தி சொன்னது அவனுக்கு நினைவு வந்தது.

"நிம்மதியாத்தான் இருந்தேன்" என்றார் இருதயமேரி. கோபம் இல்லாத குரல். அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் தலையைத் திருப்பினார். வாசல்படியில், சொன்ன மாதிரியே கொஞ்சம் தள்ளி, சவரிநாதன் நின்றார். "உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும் மேரி."

"நல்லாருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து எனக்குப் பாவம்னு மார்க் போட்டு வச்சிருக்கீங்க."

எழுந்து சமையலறைக்குப் போனார். அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. ஒரு பாத்திரத்தை மூடும் சத்தம் கேட்டது. அவர் வருவதற்குள் மெழுகுவர்த்தி பாதியாகியிருந்தது. பிராங்க்ளினும் சவரிநாதனும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

திரும்பி வந்தபோது அவர் முகம் கழுவியிருந்தார். நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"கணக்குப் பரீட்சையில பசங்க பக்கத்துப் பிள்ளைகிட்ட எட்டிப் பார்ப்பாங்க" என்றார். "நான் அடிக்கமாட்டேன். 'உனக்கு வந்ததை எழுதுடா. வரவேண்டியதை நான் எழுதிக்கறேன்'னு செவப்பு பேனாவைக் காட்டுவேன். ஜென்சியும் என் கிளாஸ்லதான் இருந்தா. அவளுக்கும் அதையேதான் சொல்லியிருக்கேன்."

பிராங்க்ளின் நிமிர்ந்து பார்த்தான். நான்கு மாதமாக அந்த வரியைப் பிரதி எடுத்துப் பிரதி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அது ஜென்சியின் சொந்த வாக்கியம் என்றே நினைத்திருந்தான்.

"வாயைத் திறந்து ஏதோ சொல்லியிருக்கா இல்ல?"

"சொன்னா."

"என் பொண்ணு கடைசியா பேசினது. அது எதுவா இருந்தா என்ன? பீடி கேட்டாகூடச் சொல்லுங்க தம்பி."

வாசல்படியில் சவரிநாதன் மூக்கை உறிஞ்சினார்.

பிராங்க்ளின் உட்கார்ந்தான். அன்றைக்கு முந்தின ராத்திரி காலேஜ் கம்ப்யூட்டரில் அவள் ஒரு ரன் போட்டுவிட்டுப் படுத்ததைச் சொன்னான். காலையில் இவன் இதே மேசையில் லேப்டாப்பைத் திறந்ததைச் சொன்னான். அவள் காப்பி டம்ளரை கிரைண்டர் மேல் வைத்துவிட்டு, தலையில் கட்டிய ஈரத்துண்டோடு சமையலறை வாசலில் வந்து நின்றதைச் சொன்னான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே துறையில் இருந்தபோது கூப்பிட்டுப் பழகியதை விடாமல், வீட்டிலும் அவனைக் கேலியாக சார் என்றுதான் கூப்பிடுவாள். அது அவருக்கும் தெரியும்.

"அந்த வாசல்லேருந்து கேட்டா" என்றான். "நான் திரும்பிப் பார்க்கக்கூட இல்ல."

"என்னன்னு?"

"'சார், ரன் முடிஞ்சிருக்கும், பாருங்க. நம்பரை மட்டும் சொல்லுங்க. நல்லா வந்துருக்குன்னு சொல்லாதீங்க.'"